அந்தத் திருகுபிடியை விட்டுவிடுங்கள்

முப்பது ஆண்டுகளுக்கு மேலாக அரசியலையும் கடலோர மக்களின் கஷ்டங்களையும் பத்திரிகையில் எழுதிவந்தவனுக்கு, கண்ணாடித் தொட்டியில் பவளம் வளர்ப்பதைப் பற்றி எழுத என்ன யோக்கியதை உண்டு என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். என் வீட்டில் அப்படியொரு தொட்டி இல்லை, இருக்கவும் முடியாது. இலங்கையில் பவளத்தை எடுப்பதையும் ஏற்றுவதையும் சட்டம் தடுக்கிறது. ஆனால் அத்தகைய தொட்டிகளுக்குள் நீந்தும் மீன்களில் ஒரு பகுதி எங்கள் கடலிலிருந்து போகிறது. அவற்றைப் பிடிப்பவர்களைப் பற்றியும், பொதியிட்டு அனுப்புபவர்களைப் பற்றியும் தொண்ணூறுகளின் இறுதியில் செய்திக் கட்டுரைகள் எழுதியவன் நான். அந்த மீன்கள் போய்ச் சேரும் இடத்தில் என்ன நடக்கிறது என்பதை 2023 டிசம்பரில்தான் முதன்முறையாகக் கண்டேன். தம்பியின் மகன், அதாவது என் பெறாமகன், ரொறன்ரோவின் ஸ்காபறோப் பகுதியில் வசிக்கிறான். அவன் வீட்டில் ஆறு வாரங்கள் தங்கியிருந்தேன். அந்த ஆறு வாரங்களும் ஒரு ஸ்கிம்மரின் காலடியில் கழிந்தன என்றால் மிகையில்லை.

வெளியே பனி. உள்ளே, வரவேற்பறைச் சுவரோரம் 400 லீற்றர் தொட்டி. நீல ஒளியில் அக்ரோபோராக் கிளைகள், காற்றிலாடும் நெற்கதிர்போல் அசையும் மென்பவளங்கள், இரண்டு கோமாளி மீன்கள், வெளிர்நீல உடலும் மஞ்சள் முதுகுச் செட்டையுமாக ஒரு 'பவுடர் புளூ'. எவருக்கும் பிடிக்கும் காட்சி. தொட்டிக்குக் கீழேயுள்ள அலுமாரியைத் திறந்தால் இன்னொரு உலகம் இருக்கிறது. குழாய்கள், வயர்கள், 'சம்ப்' எனப்படும் துணைத்தொட்டி, அதற்குள் நின்றுகொண்டு ஓயாமல் இரையும் ஒரு பிளாத்திக்குக் கோபுரம். அதுதான் புரோட்டீன் ஸ்கிம்மர். அதன் வெளிக்குழாயில் ஒரு திருகுபிடி. என் பெறாமகன் அந்தத் திருகுபிடியை ஒவ்வோர் இரவும் திருகினான். சில இரவுகளில் மூன்று தடவை.

நான் எழுதப்போவது அந்தத் திருகலுக்கு எதிராகத்தான்.

ஸ்கிம்மர் என்ன செய்கிறது என்று தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பருப்பு அவியும்போது மேலே நுரை பொங்கும். எங்கள் வீடுகளில் அதை அகப்பையால் வழித்து எறிவார்கள். வாடைக்காற்றுக் காலத்தில் கரையில் மஞ்சள் நுரை ஒதுங்குவதையும் பார்த்திருப்பீர்கள். இரண்டிலும் சங்கதி ஒன்றுதான். சில சேதன மூலக்கூறுகளுக்கு ஒரு முனை தண்ணீரை விரும்பும், மறுமுனை தண்ணீரை வெறுக்கும். புரதங்களிற் பல அப்படிப்பட்டவை. காற்றுக்குமிழி ஒன்று அருகில் வந்தால், வெறுக்கும் முனையைக் காற்றுப் பக்கம் நீட்டியபடி அவை அதில் ஒட்டிக்கொள்கின்றன. குமிழி மேலே எழுகிறது, அழுக்கும் கூடவே எழுகிறது. ஸ்கிம்மரின் பம்பி காற்றைப் பொடிப்பொடியாக நொறுக்கித் தண்ணீருடன் கலக்கிறது. நுரை கோபுரத்தின் கழுத்தில் ஏறி மேலுள்ள கிண்ணத்தில் வழிகிறது. கிண்ணத்தைக் கழுவி ஊற்றினால் அழுக்கு போயிற்று. நன்னீரில் இது சரிவராது. உப்புநீரில் குமிழிகள் ஒன்றோடொன்று சேர்ந்து பெரிதாகிவிடாமல் சிறிதாகவே நிற்பதால்தான் கடல்நீர்த் தொட்டிக்கு இது பொருந்துகிறது. மீன் கழிவும் மிஞ்சிய உணவும் அழுகி அமோனியாவாகவும் பின்பு நைத்திரேற்றாகவும் மாறுவதற்கு முன்பே அவற்றில் ஒரு பங்கை அகற்றிவிடும் கருவி இது. கூடவே தண்ணீருக்கு ஒட்சிசனையும் ஊட்டுகிறது. நல்ல கருவி. கருவியோடு எனக்கு எந்தப் பகையும் இல்லை.

திருகுபிடியின் வேலையும் எளியதே. வெளிக்குழாயை நெருக்கினால் கோபுரத்துக்குள் நீர்மட்டம் உயரும். நுரை ஈரமாக, மெல்லிய தேநீர் நிறத்தில், அதிகமாக வழியும். திறந்துவிட்டால் மட்டம் தாழும். நுரை நெடுந்தூரம் ஏறவேண்டியிருப்பதால் வழியிலேயே தண்ணீர் வடிந்து, தடித்த கரும்பச்சைச் சேறாகக் கொஞ்சமாக வந்து சேரும். ஈரம், உலர்வு என்று இவற்றைச் சொல்கிறார்கள். எது சிறந்தது என்று இந்தப் பொழுதுபோக்கில் இருப்பவர்கள் ஆண்டுக்கணக்காகச் சண்டையிடுகிறார்கள். எங்களூர் அரசியற் கட்சிகள் தோற்றுவிடும்.

பெறாமகனின் சிக்கல் எனக்கு நான்காம் நாள்தான் விளங்கியது. காலையில் நுரை ஒழுங்காக ஏறும். மாலையில் அவன் வேலையால் வரும்போது கழுத்தில் ஒன்றுமிராது. "நுரை வருகுதில்லை பெரியப்பா" என்று சொல்லிக்கொண்டு திருகுபிடியை நெருக்குவான். பிறகு தொட்டிக்குத் தண்ணீர் விடுவான். ஒரு மணித்தியாலத்தில் கிண்ணம் நிரம்பி வழியும். மறுபடி திறப்பான். இப்படியே ஐந்து மாதமாம்.

காரணம் ஸ்கிம்மரில் இல்லை. கனடாவில் குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்குவதால் உட்காற்று வறண்டுபோகிறது. அந்தத் தொட்டியிலிருந்து ஒரு நாளில் ஏறத்தாழ 6 லீற்றர் தண்ணீர் ஆவியாகிக்கொண்டிருந்தது. துணைத்தொட்டியின் அடிப்பரப்பு 60 சென்ரிமீற்றருக்கு 40. உள்ளே தடுப்பு ஏதுமில்லை. கணக்குப் போட்டுப் பாருங்கள். காலைக்கும் மறுகாலைக்குமிடையில் நீர்மட்டம் இரண்டரை சென்ரிமீற்றர் இறங்குகிறது. ஸ்கிம்மர் நிற்கும் இடத்தில் வெளிமட்டம் இறங்கினால் உள்மட்டமும் இறங்கும். பகல் முழுவதும் மெல்ல இறங்கிய ஒன்றை இரவில் ஒரே திருகலால் நேராக்கி, அடுத்த நிமிடமே தண்ணீரும் ஊற்றி மட்டத்தை உயர்த்தினால் வழியாமல் என்ன செய்யும்? தாளம் தப்பிய மேளக்காரனைத் திருத்துவதற்கு நாதஸ்வரத்தை மாற்றிய கதைதான்.

இதை அவனிடம் சொன்னேன். "உங்களுக்கு இது விளங்காது பெரியப்பா" என்றான். கலைப்பட்டதாரி என்றால் இப்படித்தான்.

அவனுக்கு விளங்கவைத்தது கடை. வாரவிடுமுறையில் என்னையும் அங்கு அழைத்துச்சென்றான். கடைக்காரர் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. நீர்மட்டம் எவ்வளவு, எத்தனை மீன், எவ்வளவு தீனி, கழுத்தைக் கடைசியாகக் கழுவியது எப்போது, ஒன்றுமில்லை. "உங்கள் ஸ்கிம்மர் சிறிது, அடுத்த அளவை எடுங்கள்" என்றார். ஸ்கிம்மர்ப் பெட்டிகளில் '800 லீற்றருக்கு', '1200 லீற்றருக்கு' என்று அச்சிட்டிருக்கிறார்களே, அந்த எண்களுக்குப் பொதுவான அளவுகோல் எதுவும் இல்லை. தயாரிப்பாளர் தானே போட்டுக்கொள்ளும் எண் அது. தொட்டியில் சுரக்கும் அழுக்குக்கு மிஞ்சிய பெரிய ஸ்கிம்மரை வைத்தால், அகன்ற கழுத்தை நிறைக்குமளவுக்கு நுரை திரளாது; ஒரு நாள் வரும், மூன்று நாள் வராது. அதற்கும் மருந்து இன்னொரு திருகல்தான். அந்தக் கடையின் அடுக்கில் ஐம்பது போத்தல்களாவது இருந்திருக்கும். நுண்ணுயிர்ப் போத்தல், அவ்வுயிருக்குத் தீனிப் போத்தல், பொசுபேற்றை உறிஞ்சும் மணல், பிறகு பொசுபேற்றைக் கூட்டும் திரவம். கடைசி இரண்டும் ஒரே தட்டில் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன.

அன்று புதிய ஸ்கிம்மர் வாங்கவிடாமல் தடுத்துவிட்டேன். ஆனால் தானாகத் தண்ணீர் நிரப்பும் கருவியொன்றை வாங்கிவந்தான். தவறில்லை, பயனுள்ள பொருள்தான். மட்டம் இறங்கினால் பக்கத்திலுள்ள பீப்பாவிலிருந்து நன்னீரைத் தானே சேர்க்கும். திருகும் பழக்கத்தோடு அது கூடியபோதுதான் வினை வந்தது.

மூன்றாம் நாள் மாலை மீன்களுக்கு எண்ணெய்த்தன்மையுள்ள ஏதோ ஒரு புதிய உணவைப் போட்டான். எண்ணெய் நுரையைக் குலைக்கும். இது சோப்பு நுரையில் கை கழுவிய எவருக்கும் தெரிந்த விடயம். அரை மணித்தியாலத்தில் கழுத்து வெறுமையாயிற்று. இவன் திருகுபிடியை நெருக்கினான். வரவில்லை. இன்னும் நெருக்கினான். "தம்பி, அதை ஒரு நாளைக்கு விடு" என்றேன். கேட்கவில்லை. கிண்ணத்திலிருந்து ஒரு வாளிக்குக் குழாய் போட்டுவிட்டுப் படுக்கப்போனான். எண்ணெயின் பாதிப்பு சில மணித்தியாலங்களில் தீர்ந்துவிடும். தீர்ந்ததும் நெருக்கி வைத்திருந்த ஸ்கிம்மர் பொங்கத் தொடங்கியது. வெளியேறியது நுரையல்ல, அப்படியே கடல்நீர். மட்டம் இறங்கியதைக் கண்ட புதிய கருவி தன் கடமையைச் செய்தது. பீப்பாவிலிருந்த நன்னீரை ஊற்றிக்கொண்டேயிருந்தது. அதிகாலையில் மருமகள்தான் கண்டாள். "மாமா, தரையெல்லாம் தண்ணி" என்று அவள் கூப்பிட்ட குரல் இன்னும் காதில் நிற்கிறது. வாளி நிரம்பி, அலுமாரிக்குள் வழிந்து, மரத்தரை ஊறியிருந்தது.

போனது 30 லீற்றர் அளவில் உப்புநீர், சேர்ந்தது அதேயளவு நன்னீர். ஆயிரத்துக்கு 35 ஆக இருந்த உவர்த்தன்மை 32 இற்கும் 33 இற்கும் இடையில் வந்து நின்றது. அத்தோடு விட்டிருந்தால், இரண்டு மூன்று நாளெடுத்து மெல்ல மீட்டிருக்கலாம். பதறிப்போனவன் உப்பைக் கட்டியாகக் கரைத்து ஒரே காலையில் ஊற்றினான். ஒரு வாரத்துள் இரண்டு அக்ரோபோராக்கள் அடியிலிருந்து தசை உரிந்து வெள்ளை எலும்பாயின. பவுடர் புளூவுக்கு வெண்புள்ளி நோய் கண்டது; அந்த இனம் ஓர் அதிர்ச்சி கிடைத்தால் முதலில் அந்த நோய்க்குத்தான் பலியாகும். ஒன்பதாம் நாள் செத்தது. அதை வாங்கியபோது கடையில் தந்த சீட்டு இன்னும் அலுமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. வந்த நாடு என்ற இடத்தில் 'சிறீ லங்கா'.

நிற்க. ஒரு வீட்டு விபத்தை வைத்துக்கொண்டு உலகத்துக்கு உபதேசம் செய்கிறேன் என்று எண்ணவேண்டாம். இந்தத் திருகற் பழக்கத்துக்கு ஒரு வரலாறு உண்டு. ஆரம்பகால ஸ்கிம்மர்களில் காற்றை நொறுக்குவதற்கு மரக்கட்டையைப் பயன்படுத்தினார்கள். மரம் தண்ணீரில் ஊறி, துவாரங்கள் அடைபட்டு, குமிழியின் அளவு நாளுக்கு நாள் மாறும். சில வாரங்களில் கட்டையையே மாற்றவேண்டும். அந்தக் கருவியைத் தினமும் கவனித்துத் திருத்தியது அறிவுடைமை. இன்றைய பம்பிகளில் ஊசிகள் பதித்த சில்லொன்று சுழன்று காற்றைச் சீராக நொறுக்குகிறது. மாறுவதற்கு உள்ளே அதிகமில்லை. ஆனாலும் அன்றைய பழக்கம் இன்றைய கைகளில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. விற்பனையாளர்களும் அதை வளர்க்கிறார்கள். இப்போது வரும் விலையுயர்ந்த வகைகளில் பம்பியின் வேகத்தைக் கைத்தொலைபேசியாலேயே கூட்டிக் குறைக்கலாம். அலுவலகத்திலிருந்து கொண்டே தொட்டியைக் குழப்புவதற்கான வசதி.

இன்னுமொரு மூடநம்பிக்கை கிண்ணத்தின் நிறம் பற்றியது. கிண்ணத்தில் கறுப்பாக, நாற்றமாக எவ்வளவு சேருகிறதோ அவ்வளவுக்குத் தொட்டி சுத்தம் என்று நினைக்கிறார்கள். ஒருவருக்கொருவர் கிண்ணத்தைப் படமெடுத்து அனுப்பும் அளவுக்கு இது முற்றியிருக்கிறது. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்து வேதியியற் பேராசிரியர் கென் ஃபெல்ட்மனும் குழுவினரும் 2009 இல் இதை அளந்து வெளியிட்டார்கள். அவர்கள் சோதித்த ஸ்கிம்மர்கள், தண்ணீரிலுள்ள மொத்தச் சேதனக் காபனில் 20 முதல் 30 வீதத்தை மட்டுமே அகற்றின. மிகுதியை எத்தனை மணித்தியாலம் ஓடவிட்டாலும் அவற்றால் தொட முடியவில்லை. குமிழியில் ஒட்டாத பொருளைக் குமிழியால் இழுக்க முடியாதல்லவா? 2010 இல் கிண்ணத்துச் சேற்றையே பகுத்துப் பார்த்தார்கள். அதிலிருந்த திண்மத்தில் பெரும்பங்கு கல்சியம் காபனேற்று, சிலிக்கா போன்ற அசேதனப் பொருட்கள். சேதனப் பகுதி சிறுபான்மை. அந்த எழுபது, எண்பது வீதத்தை எவ்வளவு நுணுக்கமாகத் திருகியும் பிடிக்க முடியாது என்றால், ஈரமா உலர்வா என்று இரவிரவாக மோதுவதன் பயன் என்ன? விடை சொல்லும் பொறுப்பு திருகுபவர்களுடையது.

சரி, முழுக்கச் சுத்தமாக்கிவிட முடியும் என்றே வைத்துக்கொள்வோம். அதுவும் வேண்டாத ஒன்று. பவளத்தின் திசுவுக்குள் வாழ்ந்து அதற்கு உணவூட்டும் நுண்பாசிகளுக்கு நைதரசனும் பொசுபரசும் தேவை. இங்கிலாந்தின் சவுத்ஹம்ப்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள், பொசுபேற்றுப் பஞ்சம் ஏற்பட்டால் பவளம் வெளிறும் ஆபத்துக் கூடுகிறது என்று 2013 இல் எழுதினார்கள். ஸ்கிம்மரையும் உறிஞ்சு மணலையும் போத்தல்களையும் ஒருங்கே ஏவிவிட்டு நைத்திரேற்றும் பொசுபேற்றும் பூச்சியமாகிவிட்டன என்று பெருமைப்படுபவர்களின் தொட்டிகளில்தான் பவளங்கள் சோகை பிடித்தாற்போல் நிற்கின்றன. மண்ணிறச் சளி படர்கிறது. பிறகு பொசுபேற்றைக் கூட்டும் போத்தல் வாங்கப் போகிறார்கள்.

அப்படியானால் ஸ்கிம்மரை எப்படித்தான் வைப்பது? ஆறு வாரம் பார்த்ததையும், பின்னர் அனுபவசாலிகள் சிலரிடம் கேட்டறிந்ததையும் சேர்த்துச் சொல்கிறேன். முதலில் நீர்மட்டம். ஸ்கிம்மர் நிற்கும் அறை, ஆவியாதலால் மட்டம் இறங்காத அறையாக இருக்கவேண்டும். துணைத்தொட்டியில் குறுக்கே ஒரு கண்ணாடித் தடுப்பை ஒட்டினால், தண்ணீர் அதன் விளிம்பால் வழிந்தே அப்பால் போகும். இப்பக்க மட்டம் எப்போதும் விளிம்பளவே. எவ்வளவு ஆழம் என்பதைத் தயாரிப்பாளரின் துண்டுப்பிரசுரம் சொல்லும், வகைக்கு வகை மாறும். ஆழம் கூடினால் ஸ்கிம்மருக்குக் கீழே ஒரு பீடம் வைத்து உயர்த்துங்கள். இந்த ஒன்று சரியென்றால் மற்றவற்றில் பாதி தானே சரியாகும்.

புதிய ஸ்கிம்மர் முதல் சில நாட்கள், சிலவேளை இரண்டு வாரங்கள் வரை பித்துப் பிடித்ததுபோல் நடக்கும். தொழிற்சாலையில் படிந்த எண்ணெய்ப் பசை போய், உட்சுவரில் மெல்லிய உயிர்ப்படலம் பிடிக்கும்வரை அதைத் திருத்த முயல்வது வீண்வேலை. வெளிக்குழாயை நன்றாகத் திறந்து, நுரை கழுத்தின் அடியில் நிற்கும்படி விட்டுவிடவேண்டும். காற்றுவழியை நெருக்காதீர்கள், காற்று முழுதாகப் போகட்டும். பழகிய பிறகு வெளிக்குழாயைக் கொஞ்சம் கொஞ்சமாக நெருக்கலாம். கால் சுற்றுக்கும் குறைவாக. திருகியபின் ஒரு முழு நாள் பொறுக்கவேண்டும், ஏனெனில் நீங்கள் மாலையில் செய்ததன் பலனை மறுநாள் மாலைதான் உண்மையாகச் சொல்லும். நடுத்தரத் தேநீர் நிறத்தில், இரண்டு மூன்று நாளில் கிண்ணம் பாதி நிரம்புமளவுக்கு வந்தால் போதும். அத்துடன் கையை எடுத்துவிடலாம்.

பிறகு ஒருநாள் நுரை நின்றுபோனால்? திருகுபிடி கடைசியில் வரட்டும். கழுத்தின் உட்புறத்தில் கொழுப்பு படிந்திருக்கிறதா? அந்தப் படலமே நுரையை உடைக்கும். வாரம் இருமுறை துடைத்தால் போதும். காற்றுக்குழாய் பம்பியில் பொருந்தும் இடத்தில் உப்பு கட்டியிருக்கிறதா? கொஞ்சம் இளஞ்சூட்டுத் தண்ணீர் விட்டால் கரைந்துவிடும். பம்பியில் சுண்ணாம்பு பிடித்திருந்தால் வினாகிரி கலந்த நீரில் ஊறவையுங்கள், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை. இன்று என்ன தீனி போட்டீர்கள்? பவளத்தை ஒட்டும் பசையைப் பாவித்தீர்களா? கையில் கிறீம் பூசியபடி தொட்டிக்குள் விட்டீர்களா? இவை ஒவ்வொன்றும் நுரையைக் குலைக்கவோ பொங்கவைக்கவோ வல்லவை. ஒன்றிரண்டு நாளில் தாமாகவே தீர்பவை. கிண்ணத்திலிருந்து வாளிக்குக் குழாய் போடுவதென்றால், தானியங்கி நீர்நிரப்பியின் பீப்பாவைச் சிறிதாக வைத்திருங்கள். எவ்வளவு தவறு நேர்ந்தாலும் சேரக்கூடிய நன்னீர் ஐந்து லீற்றரைத் தாண்டாதபடி.

குளிர்நாட்டு வாசகர்களுக்கு இன்னொன்று. யன்னலெல்லாம் அடைத்த வீட்டில் ஆட்கள் மூச்சுவிட்ட காபனீரொட்சைட்டு தேங்கிநிற்கும். ஸ்கிம்மர் உறிஞ்சுவதும் அந்தக் காற்றையே. தண்ணீரின் பிஎச் அளவு அதனால் இறங்கும். காற்றுக்குழாயை நீட்டி வெளிக்காற்றை எடுக்கவிட்டால் பெரும்பாலும் ஏறிவிடும். இதற்கும் போத்தல் விற்கிறார்கள்.

ஸ்கிம்மரே வேண்டாம் என்று வாதிடும் ஒரு தரப்பும் உண்டு. அவர்களிடம் வலுவான முன்னோடி இருக்கிறார். இந்தோனேசியாவின் லீ சின் எங் என்பவர், கடலிலிருந்து எடுத்த உயிர்ப்பாறைகளையும் காற்றுக்குமிழியையும் மட்டுமே வைத்துப் பவளம் வளர்த்த முறையை 1961 இல் எழுதி வெளியிட்டார். அந்தத் தொட்டிகள் வாழ்ந்தன. உண்மைதான். ஆனால் அப்படி வளர்ப்பவர் கொஞ்ச மீனும் கொஞ்சத் தீனியும் என்று அடக்கமாக இருக்கவேண்டும். அடக்கத்தை உபதேசித்துவிட்டு, சோடி சோடியாக மீன் வாங்கும் மனிதரிடமிருந்து ஸ்கிம்மரையும் பறித்தால் மீன்கள்தான் சாகும். ஆகவே ஸ்கிம்மர் இருக்கட்டும் என்பதே என் கட்சி. அது தன்பாட்டுக்கு இருக்கட்டும்.

இனி நான் ஏன் இவ்வளவு கோபப்படுகிறேன் என்பதற்கு வருகிறேன்.

கடல் அலங்கார மீன் ஏற்றுமதி 1930களில் இலங்கையில்தான் சிறு அளவில் தொடங்கியது. 2003 இல் ஐ.நா. சுற்றாடல் திட்டத்தின் உலகப் பாதுகாப்புக் கண்காணிப்பு நிலையம் வெளியிட்ட அறிக்கை, ஆண்டொன்றுக்கு உலகெங்கும் 2 கோடிக்கு மேற்பட்ட கடல் அலங்கார மீன்கள் கைமாறுவதாக மதிப்பிட்டது. அவற்றிற் பெரும்பாலானவை பண்ணையில் பிறந்தவையல்ல. பாறைகளிலிருந்து உயிரோடு பிடிபட்டவை. கோமாளி மீனைப் பண்ணையில் பெருக்குகிறார்கள். பவுடர் புளூவை ஒருவன் முங்கித்தான் பிடிக்கவேண்டும்.

அப்படி முங்குபவர்களை நான் சந்தித்திருக்கிறேன். ஒரு நாளில் பல தடவை இறங்கி ஏறுவார்கள். போதிய இடைவெளி விடாமல் ஏறியதால் இரத்தத்தில் வாயு குமிழிகட்டி, இடுப்புக்குக் கீழே உணர்வற்றுப்போய், முற்றத்துக் கதிரையில் இருத்தப்பட்டிருந்த ஒரு மனிதரைப் பேட்டி கண்டேன். நாற்பது வயதுகூட ஆகவில்லை. மொக்சி வலை என்றொரு வலை இருந்தது. பவளத் திட்டின்மேல் அதைக் கவிழ்த்துவிட்டு, உள்ளே ஒளிந்த மீன் வெளிவரும்வரை பவளத்தை இரும்பால் உடைப்பார்கள். 1996 ஆம் ஆண்டின் மீன்பிடி ஒழுங்குவிதிகள் அதைத் தடை செய்தன. பிடித்த மீனை ஏற்றுமதிக்காரர் ஓரிரு நாள் பட்டினி போடுவார். கொடுமை என்று அப்போது நினைத்தேன். வயிறு வெறுமையாயிருந்தால்தான் பொலித்தீன் பைக்குள் கழிவு சேராது, அமோனியா ஏறாது, விமானப் பயணத்தில் சாகாது என்று அவர் விளக்கினார். தொட்டியில் சேரும் அழுக்கு முழுவதும் தீனியிலிருந்தே தொடங்குகிறது என்பது அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது. ஸ்காபறோவில் ஒரு நாளைக்கு மூன்று வேளை உறைந்த இறாலைக் கரைத்து ஊற்றிக்கொண்டிருந்த என் பெறாமகனுக்குத் தெரியவில்லை.

1998 இல் கடல் சூடேறிப் பவளங்கள் வெளிறியபோது ஹிக்கடுவைக்குச் செய்தி சேகரிக்கப் போனேன். 1979 இல் கடற் சரணாலயமாக அறிவிக்கப்பட்ட இடம். கண்ணாடி அடித்தளப் படகில் ஏற்றிச்சென்ற இளைஞர், "கீழே பாருங்கள்" என்று சொல்லவில்லை. உல்லாசப் பயணிகளிடம் அதைச் சொல்லியே பிழைத்தவர் அவர். கீழே வெள்ளை. சுண்ணாம்புச் சூளைக்குப் போகக் குவித்து வைத்ததுபோல. அத்தகைய வெள்ளையைப் பின்னர் நான் கண்டது 2024 ஜனவரியில், ரொறன்ரோவில், அந்த இரண்டு அக்ரோபோராக் கிளைகளில். கடல் சூடேறுவதை என் பெறாமகன் தடுத்துவிட முடியாது. அவன் தொட்டியில் நடந்தது கடலின் குற்றமல்ல. ஒரு மீன் செத்தால் அடுத்த கிழமை இன்னொன்று வாங்கலாம் என்று அவன் நினைக்கும்போது, அந்த இன்னொன்றுக்காக இங்கே ஒருவன் இறங்கவேண்டியிருக்கிறது.

அவனோடு சண்டை பிடித்தேன். அவனும் சும்மா இருக்கவில்லை. "நாங்கள் வாங்காவிட்டால் அந்த ஆட்கள் எதைத் தின்கிறது பெரியப்பா?" என்று கேட்டான். லேசாகத் தள்ளிவிடக்கூடிய கேள்வியல்ல அது. வாங்கு, வாங்கியதைப் பத்து வருடம் உயிரோடு வைத்திரு என்றேன். அந்த வகை மீன் நல்ல பராமரிப்பில் அதைவிட அதிகமாகவும் வாழும். துப்புரவு மீன் என்று ஒன்றை வாங்க நினைத்திருந்தான். மற்ற மீன்களின் உடலிலுள்ள ஒட்டுண்ணிகளைத் தின்று பிழைக்கும் சிறு மீன். மூன்று மீன் இருக்கும் தொட்டியில் அதற்குத் தின்ன என்ன இருக்கும்? பெரும்பாலும் பட்டினியால் சாகும். அதை மட்டும் வாங்காதே என்று சத்தியம் வாங்கினேன்.

புறப்படுவதற்கு இரண்டு நாள் முன்னர் துணைத்தொட்டிக்குள் தடுப்பு ஒட்டினோம். கண்ணாடிக்கும் சிலிக்கன் பசைக்கும் சேர்த்து 40 டொலருக்குள் முடிந்தது. கடைக்காரர் சொன்ன ஸ்கிம்மரின் விலை 700 டொலர். தீனி ஒரு வேளையாகக் குறைந்தது. திருகுபிடியைச் சரியான இடத்தில் நிறுத்தி, அதன்மேல் ஒட்டுநாடாவைச் சுற்றி, திகதியும் எழுதிவைத்தான். அதை அவனாகத்தான் செய்தான், நான் சொல்லவில்லை.

போன மாதம் தொலைபேசியில் கதைத்தபோது நாடா இன்னும் கிழியவில்லை என்றான். கிண்ணத்தை புதன்கிழமையும் ஞாயிற்றுக்கிழமையும் மருமகள் கழுவுகிறாளாம். எரிந்த அக்ரோபோராவின் ஒரு கிளையில் அடியிலிருந்து மண்ணிறம் ஏறி வருகிறதாம். இன்னொரு பவுடர் புளூவைப் பற்றி மெல்ல வாயெடுத்தான். நான் தொடர்பு சரியாகக் கேட்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.